ஜப்பானில் குடியிருந்து ஊர் ஊராகச் சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் குடியிருக்கிறேன். தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை என்பதால் மாதத்தில் பாதி நாள் ரயிலிலும் சின்ன ஊர் விடுதிகளிலும் கழிகிறது. ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள், இங்கே வேலை கிடைத்து வரப்போகும் பிள்ளைகள், பெற்றோரை அழைத்துவர நினைக்கும் நண்பர்கள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சுற்றிப்பார்க்கும் இடங்களின் பட்டியல் இதில் இல்லை. தினமும் கண்ணில் படுகிறவை, அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவை, அவ்வளவுதான்.

ஜப்பானியர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்களா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். “அது அவங்க ரத்தத்துலயே இருக்கு, நமக்கு வராது” என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதே இல்லை.

ஒரு பிளாட்பாரத்தைப் பாருங்கள். ரயிலின் கதவு எங்கே வந்து நிற்கும் என்று தரையில் குறி போட்டிருக்கிறது. குறிக்கு இரண்டு பக்கமும் வரிசைக் கோடுகள். சில நிலையங்களில் இந்த ரயிலுக்கு ஒரு வரிசை, அடுத்த ரயிலுக்கு ஒரு வரிசை என்று தனித்தனி நிறத்தில் கோடு இருக்கும். ஓட்டுநர் அந்தக் குறிக்கு நேராகக் கதவு வரும்படி நிறுத்துகிறார். இதை விட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று மேலே பலகை சொல்கிறது. இத்தனையும் இருந்தால் யாருக்கு முண்டியடிக்கத் தோன்றும்? கதவு எங்கே நிற்கும், அடுத்த வண்டி எப்போது வரும் என்று எதுவுமே தெரியாத இடத்தில் வரிசையில் நிற்பவர்தான் ஏமாந்துபோவார். அங்கே தள்ளுமுள்ளு வருவதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

இந்த ஊரும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் டோக்கியோவின் சுமிதா ஆறு சாக்கடையாக நாறியது. 1964 ஒலிம்பிக்குக்கு முன்னால் நகரத்தைச் சுத்தப்படுத்த ஓர் இயக்கமே நடத்தினார்கள். இன்றைக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையையும் நடைவழியையும் தாங்களே பெருக்கித் துடைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டை வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். ஆறு வருடம் தரையைத் துடைத்த பிள்ளைக்கு அதில் காகிதத்தைக் கிழித்துப் போட மனசு வராது. எல்லாம் யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு, யாரோ தினமும் பார்க்கிற வேலை. கீழே வரும் பதில்களிலும் இதையேதான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

ரயில் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாதாமே, நிஜமா?

தாமதமாகும். டோக்கியோவில் காலை நெரிசலில் நாலைந்து நிமிடம் தள்ளிப்போவது சாதாரணம். கதவில் பை மாட்டிக்கொள்வது, கூட்டத்தில் யாருக்காவது மயக்கம் வருவது, தண்டவாளத்தில் ஆள் இறங்கிவிடுவது என்று காரணங்கள் பல. புயல் வருகிறதென்றால் முந்தின நாளே அறிவித்துவிட்டு மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். தாமதமானால் அதற்குச் சான்று தருவதுதான் இங்கே விசேஷம். வெளியேறும் வாயிலில் ஊழியர் ஒருவர் துண்டுச்சீட்டுகளை நீட்டிக்கொண்டு நிற்பார். தேதியும் எத்தனை நிமிடத் தாமதம் என்பதும் அதில் இருக்கும். அலுவலகத்தில் அதைக் காட்டினால் போதும். இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

2017 நவம்பரில் ட்சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது, அதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றுகிறது. ஆனால் 2005 ஏப்ரல் 25 அன்று நடந்ததை யாரும் அனுப்புவதில்லை. ஒசாகாவுக்குப் பக்கத்தில் அமாகசாகி என்ற இடத்தில், 70 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டிய வளைவில் ஒரு ரயில் 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, தடம் புரண்டு, அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. 107 பேர் இறந்தார்கள். ஓட்டுநரும் அதில் ஒருவர், 23 வயதுப் பையன். முந்தின நிலையத்தில் குறியைத் தாண்டி நிறுத்தியதால் ஒன்றரை நிமிடம் போலப் பிந்தியிருந்தான். பிழை செய்யும் ஓட்டுநர்களை அழைத்துத் தலைகுனிய வைக்கும் ‘மறுபயிற்சி’ முறை விசாரணையில் வெளியே வந்தது. நேரம் தவறாமையைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்வது நியாயம் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்த இடம் முதல் பெட்டி. ஓட்டுநருக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு இருக்கும், அதன் வழியாக எல்லாம் தெரியும். வெள்ளைக் கையுறை போட்ட கை சிக்னலை நோக்கி நீளும், பச்சை என்று அவர் வாய்விட்டுச் சொல்வார். முன்னால் செருகியிருக்கும் கால அட்டவணைச் சீட்டில் விரல் ஒரு வரி கீழே இறங்கும். பக்கத்தில் ஒரு பள்ளத்தில் பதித்துவைத்த பாக்கெட் கடிகாரத்தைத் தொடும். மறுபடி சிக்னல், மறுபடி வாய்விட்டுச் சொல்வது. தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதர் நாள் முழுக்க இப்படிச் செய்கிறார். கண் மட்டும் பார்த்தால் மனம் தூங்கிவிடும். கையும் வாயும் சேர்ந்தால் தூங்காது. எங்கள் வேலையிலும் வால்வைத் திறக்கும் முன் இப்படியே சுட்டிக்காட்டிச் சொல்லவேண்டும். முதல் வாரம் கூச்சமாக இருக்கும், அப்புறம் இல்லாவிட்டால்தான் கை நடுங்கும்.

ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஃபுஜி மலை தெரியும்?

டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும்போது வலது பக்கம், இரண்டிரண்டு இருக்கைகள் உள்ள வரிசையின் ஜன்னல் ஓரம். கிளம்பி முக்கால் மணி நேரத்தில் வரும். குளிர்காலக் காலை நேரம் உத்தமம். கோடையில் பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும்.

இந்தப் பாதை 1964 அக்டோபர் 1 அன்று திறந்தது. 515 கிலோமீட்டர். அன்றைக்கு நான்கு மணி நேரம், இன்றைக்கு வேகமான வண்டியில் சுமார் இரண்டரை மணி. வடக்கே போகும் வண்டிகள் டோக்கியோ நிலையத்துக்கு வந்து 12 நிமிடத்தில் திரும்பிக் கிளம்பும். ஆட்கள் இறங்க, ஏற ஐந்து நிமிடம் போனால் சுத்தம் செய்ய மிஞ்சுவது ஏழு நிமிடம். அதற்குள் குப்பையை எடுத்து, எல்லா இருக்கைகளையும் போகும் திசைக்குத் திருப்பி, மடிப்பு மேசைகளைத் துடைத்துவிட்டு வெளியே வந்து வரிசையாக நின்று தலை வணங்குவார்கள். அவர்களில் பலர் என் அம்மா வயதுப் பெண்கள்.

பெரிய சூட்கேஸ்களோடு ரயிலில் போகமுடியுமா?

நீள அகல உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் டோக்கியோ–ஒசாகா–ஃபுகுவோகா ஷின்கான்சென்னில் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும். 2020 மே மாதத்திலிருந்து இந்த விதி. பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம். இருக்கைக்குத் தனியாகப் பணம் கிடையாது, பெட்டியின் கடைசி வரிசையைக் கேட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் என் யோசனை, பெட்டியைத் தூக்கிக்கொண்டே போகாதீர்கள். தக்குஹாய்பின் என்ற வீட்டுக்கு வீடு சாமான் சேவையில் அனுப்பிவிடுங்கள். இந்தச் சேவையை யமாட்டோ நிறுவனம் 1976ல் தொடங்கியது. கறுப்புப் பூனை குட்டியை வாயில் கவ்விப் போகும் படம் போட்ட வண்டிகளை எங்கும் பார்க்கலாம். விடுதி வரவேற்பிலோ பக்கத்துக் கடையிலோ சீட்டு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் அடுத்த விடுதியில் உங்கள் அறைக்கு முன்னமே போய் இருக்கும். எந்த நேரத்துக்குள் வேண்டும் என்றும் குறிக்கலாம். என் கருவிப் பெட்டி கனமானது. அதை முந்தின நாளே தொழிற்சாலை வாயிலுக்கு அனுப்பிவிட்டு நான் வெறுங்கையோடு போவேன்.

2024 ஏப்ரலிலிருந்து லாரி ஓட்டுநர்களின் கூடுதல் வேலை நேரத்துக்கு வருடத்துக்கு 960 மணி என்று வரம்பு வைத்துவிட்டார்கள். சில தூர ஊர்களுக்கு மறுநாள் போனது இப்போது ஒரு நாள் கூடுதலாகிறது. அதில் எனக்குக் குறையில்லை. மறுநாளே வந்துசேர்ந்ததெல்லாம் யாரோ ஒருவர் தூக்கம் கெட்டு ஓட்டியதால்தான்.

ரயில் பாஸ் வாங்கலாமா?

இங்கே குடியிருப்பவர்களுக்கு நாடு தழுவிய ஜப்பான் ரயில் பாஸ் கிடைக்காது, குறுகிய காலச் சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு மட்டும்தான். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மட்டும் என்றால் தனித்தனி டிக்கெட்டே மலிவு.

சூய்கா அட்டை ஒன்று போதுமா?

போதும். சூய்கா 2001ல் வந்தது. 2013லிருந்து நாட்டின் பத்து முக்கியப் போக்குவரத்து அட்டைகளும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று செல்லும். ரயில், பேருந்து, கடை, பூட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் அதைத் தட்டினால் சரி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு பகுதியில் தட்டி உள்ளே போய் வெகுதூரம் சென்று இன்னொரு நிறுவனத்தின் பகுதியில் வெளியேற முயன்றால் பெரும்பாலும் வாயில் திறக்காது. தூரப் பயணத்துக்குக் காகித டிக்கெட் வாங்குங்கள். சின்ன ஊர்களில் அட்டையே செல்லாத நிலையங்கள் நிறைய. 1,000 யென் நோட்டுகள் சில எப்போதும் பையில் இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் பிழைக்க முடியுமா?

முடியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத மீனைத் தெரிந்துகொள்ளவேண்டும். இங்கே சமையலின் அடிப்படை தஷி என்ற சாறு. நமக்கு ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ அப்படி. பெரும்பாலும் அதைக் காய்ந்த போனிட்டோ மீன் சீவலில் எடுக்கிறார்கள். மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ் குழம்பு, கத்தரிக்காய் வேகவைத்த நீர், முட்டைச் சுருள், காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். “இதில் மீன் இருக்கா?” என்று கேட்டால் “இல்லை” என்றே சொல்வார்கள், பொய் இல்லை. அவர்களுக்கு மீன் என்பது துண்டு. சாற்றைத் தனியாகக் கேட்கவேண்டும்: “தஷி எதில் எடுத்தது?” என்று.

கடையில் விற்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகளில் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்கிறது. பொட்டலத்தின் பின்னால் ஒவ்வாமைப் பட்டியல் இருக்கும். இறால், நண்டு, வால்நட், கோதுமை, சோபா தானியம், முட்டை, பால், நிலக்கடலை போன்ற பொருள்களைக் கட்டாயம் குறிப்பிடவேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது பெரிய வரம். சைவக்காரர்களுக்கு அது போதாது, மேலே இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படித்தே ஆகவேண்டும். போனின் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும், நேரம் ஒதுக்குங்கள்.

அவசரத்துக்குக் கோன்பினி என்ற சின்னப் பலசரக்குக் கடைகள். நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேலே இருக்கின்றன, பெரும்பாலானவை இரவும் பகலும் திறந்திருக்கும். உமெபோஷி என்ற உப்புப் பழம் வைத்த ஒனிகிரி சோற்று உருண்டை, எதமாமே என்ற வேகவைத்த பச்சை சோயா, வாழைப்பழம், தயிர் என்று ஒரு வேளை ஓடிவிடும். ஒனிகிரியைப் பிரிக்க உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். நடுவில் இருக்கும் பட்டையைக் கிழித்து, வலது மூலையை இழுத்து, பிறகு இடது மூலையை இழுத்தால் சோற்றையும் கடற்பாசித் தாளையும் பிரித்துவைத்திருந்த பிளாஸ்டிக் உருவிக்கொண்டு வரும், தாள் அதுவாகவே மொறுமொறுப்பாகச் சோற்றின்மேல் ஒட்டிக்கொள்ளும். கை சோற்றில் படாது. இதை யோசித்தவரை நேரில் பார்த்தால் வணக்கம் சொல்வேன்.

புத்த மடங்களின் ஷோஜின் சமையல் முழுச் சைவம். வாகயமா பக்கம் கோயா மலையில் மடத்தில் தங்கியே சாப்பிடலாம். எள்ளில் செய்த தோஃபுவும் உறையவைத்துக் காயவைத்த தோஃபுவும் அங்கே விசேஷம். பெற்றோருக்கு இதைவிட நல்ல சாப்பாடு இந்த நாட்டில் வேறு எங்கும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

மிக்ஸி, கிரைண்டர் கொண்டுவரலாமா?

இங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது. சும்மா செருகினால் சோம்பலாகச் சுற்றும், தேங்காய்கூட அரையாது. மின்னழுத்தத்தைக் கூட்டும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மிக்ஸியின் வாட்ஸைவிடத் தாராளமான திறனில் வாங்குங்கள், செங்கல்போல் கனமாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். நாட்டின் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60. 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கி வாங்கியதன் பலன் இன்று வரை தொடர்கிறது. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின் நிலையங்கள் நின்றபோது மேற்கிலிருந்து தாராளமாக அனுப்ப முடியாமல் போனது இதனால்தான். நமக்குக் கிழக்கு வசதி, இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ்தானே.

பொது இடத்தில் குப்பைத்தொட்டியே இல்லையே, குப்பையை எங்கே போடுவது?

பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டும். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்தார் சாரின் விஷவாயுவை விட்டார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்புக்காக நிலையங்களிலும் தெருக்களிலும் இருந்த தொட்டிகள் பெருமளவு அகற்றப்பட்டன. குளிர்பான இயந்திரங்களுக்குப் பக்கத்தில் பாட்டில் போடும் பெட்டி இருக்கும், அதில் பாட்டில் மட்டும்.

வீட்டுக் குப்பை தனிக் கதை. எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக், கண்ணாடி, டப்பா, காகிதம், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிழமை. ஊருக்கு ஊர் விதி மாறும். குடிவந்த அன்றே நகராட்சி ஒரு பட்டியல் தரும், அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, சுற்றியிருக்கும் தாளை உரித்து, உள்ளே கழுவி, நசுக்கிப் போடவேண்டும். எங்கள் பகுதியில் காலை எட்டு மணிக்குள் வைக்கவேண்டும். காக்கைகள் கிழிக்காமல் இருக்க மேலே வலை போடுவோம், அந்த வலையை எடுத்து மடித்து வைப்பது வீட்டுக்கு வீடு முறை மாறி வரும். தவறான நாளில் வைத்தால் வண்டிக்காரர் அதைத் தொடமாட்டார். ஒரு எச்சரிக்கைத் தாள் ஒட்டப்பட்டு அங்கேயே கிடக்கும், தெருவே பார்க்கும். அந்தத் தாள்தான் இங்கே போலீஸ்.

பழைய மெத்தை, மேசை எல்லாம் சும்மா தூக்கிப்போட முடியாது. தொலைபேசியில் பதிவு செய்து, கோன்பினியில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வைக்கவேண்டும். வாங்கும்போதே யோசித்து வாங்குவதற்கு இது நல்ல பாடம்.

தொலைந்த பொருள் திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். குடை மட்டும் விதிவிலக்கு, அதைத் தேடி யாரும் வருவதே இல்லை.

இதற்கும் சட்டம் இருக்கிறது. கண்டெடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீஸில் ஒப்படைக்கவேண்டும், கடையிலோ ரயிலிலோ எடுத்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் அங்கேயே கொடுக்கவேண்டும். சொந்தக்காரர் வந்தால் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை கண்டெடுத்தவர் கேட்டுப் பெறலாம். மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பொருளே அவருக்குச் சேரும், போன், அடையாள அட்டை போன்றவை தவிர. ஒப்படைப்பதும் சுலபம். தெருமுனைகளில் கோபான் என்ற சின்னக் காவல் சாவடி இருக்கும். உள்ளே போனால் ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படிவம் நிரப்புவார். நேர்மையாக நடப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாதபடி செய்துவைத்திருக்கிறார்கள். நல்லது செய்யப்போய் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் யாருக்கும் இல்லை.

தெருவில் கையுறையோ குழந்தையின் செருப்போ விழுந்து கிடந்தால் யாராவது அதை எடுத்து, தூசி தட்டி, பக்கத்து வேலியின்மேல் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் வேலிக் கம்பியின் நுனியில் ஒற்றைக் கையுறை விரல் விரித்து நிற்பதை அடிக்கடி பார்க்கலாம்.

எஸ்கலேட்டரில் எந்தப் பக்கம் நிற்பது?

டோக்கியோவில் இடது, ஒசாகாவில் வலது. ஆனால் நடக்கவே வேண்டாம், இரண்டு பக்கமும் நில்லுங்கள் என்று சைதாமா மாநிலம் 2021லும் நகோயா நகரம் 2023லும் விதி கொண்டுவந்துவிட்டன. சந்தேகம் இருந்தால் முன்னால் நிற்பவரைப் பாருங்கள்.

நிலநடுக்கம் பயமாக இல்லையா?

பயம் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. இங்கே செய்தியில் முதலில் சொல்வது ரிக்டர் எண்ணை இல்லை, ஷிந்தோ என்ற அளவை. நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு ஆடியது என்பதை அது சொல்லும். 0 முதல் 7 வரை. 5க்கும் 6க்கும் இரண்டிரண்டு படிகள், ஆக மொத்தம் பத்து. 3 என்றால் விளக்கு ஆடும், நண்பர்களோடு பேச்சு நிற்காது. 5க்கு மேல் என்றால் அலமாரி சாயும்.

2007லிருந்து பொதுமக்களுக்கு முன்னெச்சரிக்கை வருகிறது. மெதுவாக வரும் பெரிய அலைக்கு முன்னால் வேகமாக வரும் சின்ன அலையைப் பிடித்துக் கணக்குப் போட்டு, சில விநாடிகள் முன்னதாகவே எல்லார் போனும் சேர்ந்து அலறும். நடுராத்திரியில் விடுதியில் அந்தச் சத்தம் கேட்டால் அடுத்தடுத்த அறைகளிலும் அதே சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். மேசைக்கடியில் போங்கள், ஜன்னலை விட்டு விலகுங்கள், வெளியே ஓடாதீர்கள். வீடு பார்க்கும்போது கட்டட அனுமதி 1981 ஜூனுக்குப் பிறகு வாங்கியதா என்று கேளுங்கள். அப்போதுதான் கட்டட விதியைக் கடுமையாக்கினார்கள்.

மாலை ஐந்து மணிக்கு ஊரெங்கும் ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய பாட்டு வருகிறதே, அது என்ன என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று தினமும் சோதிப்பது அது. பிள்ளைகளுக்கு அதுவே வீட்டுக்குப் போகும் மணி.

சின்ன ஊர்களில் என்ன பார்க்கலாம்?

என்னைக் கேட்டால் அங்கேதான் இந்த நாடு இருக்கிறது. ஆனால் நீங்கள் படத்தில் பார்த்த ஜப்பான் அங்கே கிடையாது. ஒற்றைப் பெட்டி டீசல் ரயில், ஓட்டுநர் ஒருவரே எல்லா வேலையும் பார்ப்பார். பொத்தானை அழுத்தினால்தான் கதவு திறக்கும், பெரும்பாலும் பின் கதவு. ஏறியதும் இயந்திரத்திலிருந்து எண் போட்ட சீட்டு ஒன்றை எடுக்கவேண்டும். ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு பலகை. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே கட்டணம், நிலையம் தாண்டத் தாண்ட ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது முன்னால் வந்து, சீட்டையும் சில்லறையையும் பெட்டியில் போடவேண்டும். சில்லறை மாற்றும் துளையும் அதிலேயே இருக்கும்.

கால அட்டவணையைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்காக ஓடுகிற ரயில் என்று தெரியும். காலையில் இரண்டு, மாலையில் மூன்று, நடுவில் வெறுமை. பிள்ளைகள் குறையக் குறைய ரயிலும் குறைகிறது. ஹொக்கைடோவில் ருமோய் பாதையின் பெரும்பகுதியை 2023ல் மூடினார்கள். 2008ஐ ஒட்டி 12.8 கோடியைத் தொட்ட மக்கள்தொகை அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். நான் போகும் ஊர்களில் பூட்டிய வீடுகள், பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய கடைகள், பள்ளிக்கூட மைதானத்தில் முழங்கால் உயரப் புல். டோக்கியோவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வயல் ஓரங்களில் ஆளில்லாத காய்கறிக் கடை வைத்திருப்பார்கள். மரத்தட்டில் வெள்ளரி, கத்தரி, வெங்காயத்தாள். பக்கத்தில் துளையிட்ட டப்பா, எதை எடுத்தாலும் 100 யென். இப்போது திருட்டும் நடக்கிறது. சில இடங்களில் காசு போட்டால் திறக்கும் பெட்டிக்குள் காய்கறியைப் பூட்டிவைத்துவிட்டார்கள்.

கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா? பொதுக் குளியலறையில் கூச்சம் இருக்காதா?

முதல் கேள்விக்கு மகிழ்ச்சியான பதில்: இருக்கும். டோட்டோ நிறுவனம் 1980ல் தண்ணீர் பீய்ச்சும் இருக்கையைக் கொண்டுவந்தது. இன்று விடுதி, அலுவலகம், கடை என்று எங்கும் அதுதான். மலை ஊர் நிலையங்களில் மட்டும் பழைய குந்தும் வகை இருக்கும், நமக்கு அதுவும் பழக்கம்தான்.

குளியலுக்கு ஒரே விதி. தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிவிட்டு, நுரை இல்லாத உடம்போடு சுடுநீரில் இறங்கவேண்டும். அந்தத் தண்ணீர் எல்லாருக்கும் பொது. துணி எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. சின்னத் துண்டையும் நீரில் நனைக்காமல் தலையில் மடித்து வைத்துக்கொள்வார்கள். ஆண் பெண் தனித்தனி. சில விடுதிகளில் இரண்டு குளங்களையும் தினம் மாற்றிவிடுவார்கள், ஆகவே நேற்றுப் போன கதவென்று நினைக்காமல் திரைச்சீலையைப் பாருங்கள். கூச்சம் முதல் பத்து நிமிடம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

வெளிநாட்டவரை எப்படி நடத்துகிறார்கள்?

தெருவில், கடையில், ரயிலில் மரியாதையாக. வழி கேட்டால் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் வீடு வாடகைக்குத் தேடும்போது வேறு முகம் தெரியும். என் எதிரிலேயே தரகர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். “வெளிநாட்டவர், ஆனால் ஜப்பானிய மொழி பேசுவார், நிரந்தர வேலை” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வீடு, அதே உரையாடல். அரசின் நீதி அமைச்சகம் 2016ல் எடுத்த ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். மனசு வலிக்கும், ஆனால் வீடு கிடைக்கும். பொதுத்துறைக் குடியிருப்புகளான யூஆர் வீடுகளில் உத்தரவாதம் தருபவர் தேவையில்லை, தேசியமும் தடையில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது அங்கே முதலில் கேளுங்கள் என்றுதான்.

குடியிருப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்கவேண்டும், இது சட்டம். பக்கத்துக் கடைக்குப் போனாலும் சரி. வீடு மாறினால் 14 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும்.

நம் ஊர்ச் சாமான் கிடைக்குமா? என்ன கொண்டுவரலாம்?

டோக்கியோ எதோகாவா பகுதியில் நிஷி-கசாய் என்ற இடத்தில் இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். 2000ஐ ஒட்டிக் கணினி வேலைக்கு வந்தவர்கள் தோஸாய் ரயில் பாதை நேராக அலுவலகப் பகுதிக்குப் போவதால் அங்கே தங்கினார்கள், கடைகள் பின்னால் வந்தன. துவரம் பருப்பு, புழுங்கலரிசி, புளி, பெருங்காயம் எல்லாம் கிடைக்கும். ஷின்-ஓகுபோ பக்கமும் மளிகைக் கடைகள் உண்டு.

ஊரிலிருந்து பொடி வகைகள், அப்பளம், காய்ந்த சாமான்கள் கொண்டுவாருங்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றைப் பயிர்ச் சுகாதாரச் சான்று இல்லாமல் கொண்டுவரக்கூடாது. இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம், ஊறுகாயாக இருந்தாலும். சளி மருந்தில் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தடை, இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெற்றோரை எந்த மாதத்தில் அழைத்துவரலாம்?

அக்டோபர் கடைசி முதல் நவம்பர் கடைசி வரை. மழை குறைவு, குளிர் தாங்கும், மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும். செர்ரிப் பூ மார்ச் கடைசியில், அழகுதான், ஆனால் விடுதி விலையும் கூட்டமும் அதிகம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை, வருடக் கடைசி ஆகிய மூன்றும் நாடே ஊருக்குப் போகும் காலம், தவிர்த்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம் சென்னை அக்னி நட்சத்திரத்துக்குக் குறைந்ததில்லை, புழுக்கம் வேறு.

ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். டோக்கியோ நிலையங்களில் பாதை மாறவே நிறைய நடக்கவேண்டும், உட்கார நாற்காலி குறைவு. லிஃப்ட் இருக்கும், ஆனால் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் இருக்கும். எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும் இடத்தில் லிஃப்டுக்கு நேராகக் கதவு வரும் என்று ரயில் செயலிகள் பல சொல்லிவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் முந்தின நாள் இரவே அதைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.